குறுகிய இழுப்புப் பெட்டிக்குச் சேனல் விற்கும் முன்

அடுப்பு மேடைக்குக் கீழே எண்ணெய், மசாலா பாட்டில்கள் வைக்க 6 அங்குலம், 8 அங்குல அகலத்தில் இழுப்புப் பெட்டி கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகிவிட்டார்கள். இதனால் டெலஸ்கோபிக் சேனல் ஹார்டுவேர் கடைகளில் நல்ல ஓட்டமுள்ள சரக்காகி இருக்கிறது. அதே சமயம், "சேனல் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று திருகு போட்ட நிலையில் திரும்பி வரும் சரக்கும் இதுதான். சேனலில் குறையே இல்லாமல் அளவு தவறியதால் வரும் புகார்களும் இவற்றில் உண்டு. எனவே பில் போடுமுன் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

அகலக் கணக்கு

பால் பேரிங் வைத்த சாதாரண டெலஸ்கோபிக் சேனலின் கனம் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 26 மி.மீ. விட வேண்டும். அகலமான டிராயரில் இது பெரிதாகத் தெரியாது. குறுகிய பெட்டியில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வெளி அகலம் 150 மி.மீ. உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட் இரு பக்கமும் போக உள்ளே 114 மி.மீ. மிஞ்சும். சேனலுக்கு 26 போக 88. டிராயரின் இரு பக்கப் பலகை 12 மி.மீ. வீதம் 24 போக, கடைசியில் மிஞ்சுவது 64 மி.மீ. மட்டுமே. 75 மி.மீ. குறுக்களவுள்ள எண்ணெய் பாட்டில் இதில் நிற்காது. வெளி அகலத்தை 200 மி.மீ. ஆக்கினால் 114 மி.மீ. கிடைக்கும்.

இடம் அவ்வளவுதான் என்றால், ஒரே பக்கச் சுவரில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சேனல் பொருத்தி, அதில் கம்பித் தட்டுகளைத் தாங்கும் அமைப்பைச் சொல்லலாம். இதில் எடை ஒரு பக்கமாகத் தொங்குவதால் கனமான ரகச் சேனலையே தர வேண்டும்.

நீளமும் எடையும்

சேனல் 10 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை இரண்டிரண்டு அங்குல வித்தியாசத்தில் கிடைக்கிறது. மேடையின் ஆழத்தைப் பார்த்து நீளம் சொல்லக்கூடாது. பெட்டியின் உள் ஆழத்தை அளந்து, பின்பக்கம் குழாய், கேஸ் டியூப் போகிறதா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் 35 கிலோ, 45 கிலோ என்பது பொதுவாக ஒரு ஜோடிக்கு, நிமிர்த்திப் பக்கவாட்டில் பொருத்தினால் தாங்கும் எடை. அதே சேனலைப் படுக்கவைத்து டிராயருக்கு அடியில் பொருத்தினால் தாங்கும் எடை மிகவும் குறைந்துவிடும்.

பொருத்தும் முறை

1. பெட்டியின் உள்ளே மைக்கா ஒட்டிய பிறகே அளவெடுக்க வேண்டும். பிறகு ஒட்டினால் இரு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. வரை குறைந்து டிராயர் இறுகும். இடைவெளி கூடிப்போனால் சேனலுக்குப் பின்னால் மைக்காத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

2. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்திலும் உள் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால் டிராயர் பாதியில் நிற்கும்.

3. முதலில் நீள்துளைகளில் மட்டும் ஸ்க்ரூ போட்டு, ஓட்டிப் பார்த்து, பிறகே உருண்டைத் துளைகளில் இறுக்க வேண்டும்.

4. ஸ்க்ரூ தலை தகட்டுக்கு மேலே துருத்தினால் உள் பட்டை அதில் உரசும். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ போதும், 12 மி.மீ. பலகைக்கு அது மறுபக்கம் வெளிவந்துவிடும்.

5. டிராயரை மாட்டும்போது குண்டுகள் இருக்கும் பட்டையை முன்னுக்கு இழுத்துவைத்து, இரு பக்கமும் நேராகச் செலுத்த வேண்டும். வலுவில் தள்ளினால் குண்டு உதிரும். மரத்தூளும் சிமெண்டுத் தூளும் உள்ளே போகாமல் வேலை முடியும் வரை மூடிவைப்பது நல்லது.

துரு

பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்திலும் கடலோர ஊர்களிலும் ஜிங்க் பூச்சுச் சேனல் விரைவில் துருப்பிடிக்கும். அங்கே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சொல்லலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது முழுச் சோதனை அல்ல. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டுவதில்லை. ரகம் பில்லில் எழுதி வரும் இடத்தில் கொள்முதல் செய்வதே பாதுகாப்பு.

வணிகர் கவனத்திற்கு

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறை பற்றி உற்பத்தியாளர் தந்த குறிப்பையும் எச்சரிக்கையையும் விற்பவர் கொடுக்கத் தவறி, அதனால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பாவார். பாட்டில்களோடு பெட்டி கழன்று காலில் விழுந்தால் கேள்வி நம்மிடமும் வரும். ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள குறிப்புத் தாளை எடுத்துப் போட்டுவிட்டுச் சேனலை மட்டும் தாளில் சுற்றிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

உள் அகலம் என்ன, உள் ஆழம் என்ன, என்ன எடை வைக்கப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையைப் பில்லின் பின்புறம் குறித்துக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். திரும்பி வரும் சரக்கும் குறையும், தச்சரும் அடுத்த வேலைக்கு நம் கடையையே தேடி வருவார்.