ஓர் ஆட்டின் விலை

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாநிலத்தில், ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகே தோர்கர் என்னும் மலைப்பகுதி உள்ளது. பஷ்தூ மொழியில் அப்பெயருக்குக் ‘கருமலை’ என்பது பொருள். மழை குறைந்த அவ்வறண்ட மலையில் மார்க்கோர் என்னும் காட்டாடு வாழ்கிறது. திருகாணிபோல் முறுக்கிய கொம்புகளும், கிடாயின் கழுத்திலும் மார்பிலும் தொங்கும் நீண்ட மயிரும் அதன் அடையாளங்கள். அதுவே பாகிஸ்தானின் தேசிய விலங்கு.

இந்த ஆட்டில் ஒன்றே ஒன்றைச் சுடுவதற்கு வெளிநாட்டுச் செல்வர்கள் பல்லாயிரம் டாலர் கொடுக்கின்றனர். பாகிஸ்தானின் வடபகுதியில் ஓர் உரிமத்தின் விலை ஒரு இலட்சம் டாலரையும் கடந்ததுண்டு. அவர்கள் வருவது இறைச்சிக்காக அன்று. கொம்புடன் கூடிய தலையைப் பதப்படுத்தி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதற்காக. இதனை ‘டிராஃபி வேட்டை’ என்பர். சுட்டு வீழ்த்திய புலியின் அருகே துப்பாக்கியுடன் நின்று மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்களில் காணப்படுவதும் இதுவே.

கொல்வதற்கு உரிமம் விற்று, அவ்வினத்தைக் காக்க முடியுமா? முரணாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தோர்கர் ஒரு விடை தருகிறது.

1979ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தது. அதன்பின் நடந்த நீண்ட போரில் எல்லைப்புறம் முழுவதும் தானியங்கித் துப்பாக்கிகள் மலிந்தன. அவை மலைவாழ் மக்களின் கைக்கு எட்டியதும் ஆட்டு மந்தைகள் விரைந்து அழிந்தன. 1980களின் நடுப்பகுதியில் தோர்கரில் நூற்றுக்கும் குறைவான மார்க்கோர்களே எஞ்சியிருந்தன என மதிப்பிடப்பட்டது. அந்நிலையில் அங்குள்ள பழங்குடித் தலைவர்கள் அயல்நாட்டு விலங்கியலாளர்களின் அறிவுரையைப் பெற்று ஒரு திட்டம் வகுத்தனர். வேட்டையாடி வந்த தம் மக்களையே காவலர்களாக நியமித்தனர். மற்றவர்கள் வேட்டையைக் கைவிட்டனர். காவலர்களின் ஊதியத்துக்குரிய பணம், ஆண்டுதோறும் மிகச் சில முதிர்ந்த கிடாய்களைச் சுட அயல்நாட்டாருக்கு விற்ற உரிமத்திலிருந்து வந்தது. மலையின் ஒவ்வொரு வளைவையும் ஆடு ஒதுங்கும் இடத்தையும் அறிந்தவன் வேடனே. காவலுக்கு அவனைவிடப் பொருத்தமானவன் யார்?

இருபது ஆண்டுகளுக்குள் அம்மலையில் ஆடுகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்ஸ்’ என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, 1997இல் பாகிஸ்தான் முழுமைக்கும் ஆண்டுக்கு 6 மார்க்கோர்களை வேட்டையாட ஒப்புதல் அளித்தது. 2002இல் அதனை 12 ஆக உயர்த்தியது. உரிமத் தொகையில் 80 விழுக்காடு உள்ளூர் மக்களுக்குச் சேரவேண்டும் என்பது அந்நாட்டின் விதி. 2015இல் மார்க்கோர், ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்னும் பட்டியலிலிருந்து ஆபத்துக் குறைந்த பிரிவுக்கு மாற்றப்பட்டது.

ஆயினும் எதிர்ப்பாளர்கள் வாய்மூடவில்லை. அதே 2015இல் ஜிம்பாப்வே நாட்டில் செசில் என்னும் சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் வேட்டையாடினார். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்து வந்த சிங்கம் அது; அதன் கழுத்தில் ஆய்வுப்பட்டையும் இருந்தது. உலகெங்கும் சினம் மூண்டது. அறிவியல் நோக்கிலும் ஓர் எதிர்ப்பு உண்டு. கனடாவின் ராம் மலையில் பெருங்கொம்புச் செம்மறிகளை ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆராய்ந்தனர். பெரிய கொம்புடைய கிடாய்களையே வேடர்கள் தேர்ந்து சுட்டமையால், அடுத்தடுத்த தலைமுறைகளில் கொம்புகள் சிறுத்தன. பணம் உரியவர்களுக்குச் சேராமல் இடையிலேயே மறைந்துவிடும் நாடுகளும் உள்ளன. அங்கெல்லாம் இவ்வேட்டையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகை வேட்டைக்கு இடமளிக்கவில்லை. இங்கும் ஒரு மலையாடு உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடே அது. ‘வரை’ என்றால் மலை. வரையாடுகள் மிகுதியாக வாழ்வது கேரளத்தின் மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளத்தில். ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம் அது. முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தியிருந்தனர். அந்த ஆடுகள் பிழைத்திருந்ததில் அக்காவலுக்கும் பங்குண்டு என்பது சற்றே சங்கடமான உண்மை. 1975இல் அது சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கி அங்குச் செல்கின்றனர். இராஜமலைச் சரிவில், கைக்கெட்டும் தொலைவில் வரையாடு அஞ்சாமல் மேய்கிறது. குட்டி ஈனும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாயில் அடைக்கப்படுகிறது. ஓர் ஆட்டையும் சுடாமலே அங்கு வருவாய் கிட்டுகிறது.

தோர்கருக்கோ சுற்றுலாப் பேருந்து செல்வதில்லை. எல்லைப்புறப் பூசல்களுக்கு அஞ்சிக் குடும்பத்துடன் அங்கு எவரும் செல்லத் துணிவதில்லை. கொம்பை விரும்பும் வேடன் மட்டுமே செல்கிறான். வேட்டையை நிறுத்துமாறு கோருவோர், அம்மலையில் காவல் காப்பவனுக்கு அடுத்த மாத ஊதியத்தை யார் தருவது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுடப்படும் முதிய கிடாய்க்கு, தன் உயிரின் விலையில் ஊருக்குக் கிணறு வெட்டப்படுவது தெரியாது என்பதை வேட்டையை ஆதரிப்போரும் மறந்துவிட இயலாது.