மும்முனைப் போட்டி!

மும்முனைப் போட்டி என்றதும் எந்தத் தொகுதி, எவர் வேட்பாளர், வைப்புத்தொகை இழக்கப்போவது எவர் என்று கேட்கத் தோன்றும் நம் தோழர்களுக்கு! வாக்குப்பெட்டிக்கு இங்கே வேலையில்லை. கடலில் நீந்த வேண்டும்; கரையேறி மிதிவண்டி மிதிக்க வேண்டும்; இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றையும் இடைவிடாது முடிக்க வேண்டும். ட்ரையத்லான் என்பர் இதனை.

2019 அக்டோபர் 20, ஞாயிறு. கோவாவின் தலைநகர் பணஜி. மாண்டவி ஆறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த மிராமர் கடற்கரை. ‘அயர்ன்மேன் 70.3’ என்னும் போட்டி இந்திய மண்ணில் முதன்முறையாக நடந்தது அங்கேதான். நீச்சல் 1.9 கிலோமீட்டர், மிதிவண்டி 90, ஓட்டம் 21.1. மைல் கணக்கில் கூட்டினால் 70.3! பெயர் வந்த காரணம் அதுதான். முழு அயர்ன்மேன் இதற்கு இருமடங்கு. 1978-இல் ஹவாயில், கடற்படையாளர் ஜான் கொலின்சும் துணைவியார் ஜூடியும் தொடங்கியது அது. புறப்பட்டோர் 15 பேர், முடித்தோர் 12 பேர்!

பணஜி என்றால் நமக்குத் தனிப் பரிவு உண்டு. 1961-இல் போர்த்துக்கீசியர் பிடி நீங்கிய கோவாவை மராட்டியத்தோடு இணைக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, 1967 சனவரியில் வாக்களித்து, ‘வேண்டாம்’ என்ற மக்களல்லவா! 1987-இல் கொங்கணி ஆட்சிமொழியாயிற்று; அதே ஆண்டில் கோவா தனி மாநிலமும் ஆயிற்று. அந்த ஊர் தன் கடற்கரையை உலகுக்குத் திறந்துவிட்டுக் களித்ததென்றால், நாமும் களிக்கிறோம்.

களிப்பின் நடுவே ஒரு நினைவு. கடற்பயணம் செய்தவன் தீட்டுப்பட்டான் என்று போதாயன தர்மசூத்திரம் எழுதி வைத்த நாடு இது. அந்த நாட்டிலே, நூற்றுக்கணக்கானோர் கடலிலே குதித்தனர். பஞ்சாங்கம் கேட்டா? பரிகாரம் செய்தா? கடிகாரம் ஒன்றுதான் அன்று கட்டளையிட்டது!

கடல் இருக்கட்டும், குளத்தின் கதை என்ன? பணஜிக்கு வடக்கே, அதே கொங்கணக் கரைநாட்டில் மகாடு என்றோர் ஊர். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்குள்ள சவுதார் குளத்தில் இறங்கி, ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அவருடன் வந்தோர் மீது விழுந்தது தடியடி. பிறகு, குளம் தீட்டாயிற்றாம்! சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் கழித்தார்கள், மாடு குடித்தபோது தீட்டுப்படாத குளத்தை! வழக்கு நடந்தது, 1937-இல்தான் உயர்நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது. நீரில் இறங்குவதற்கே நீதிமன்றப் படியேறியோர் வழிவந்த பிள்ளைகள், நீச்சல் போட்டிக்கு வருவது எப்போது?

வரமுடியாது, தோழர்களே, இன்றுள்ள நிலையில்! பந்தய மிதிவண்டியின் விலை இலட்சங்களில்! நுழைவுக் கட்டணம் மட்டுமே பல்லாயிரம்! உடலுரம் இருந்தும் பணம் இல்லாதவன் கரையில் நின்று கைதட்டலாம், அதற்குக் கட்டணமில்லை.

ஆனால் அன்று வென்றது யார் தெரியுமா? பிஷ்வோர்ஜித் சைகோம், மணிப்பூர்க்காரர், இராணுவ வீரர். நாலே முக்கால் மணி நேரத்திற்குள் எல்லை தொட்டார். டில்லிக்காரர் பலருக்கு வரைபடத்தில் இருக்குமிடம் காட்டத் தெரியாத மாநிலத்தின் மைந்தர்! பயிற்சியும் கருவியும் தர ஓர் அமைப்பு முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று வேறு தேவையா?

கொரோனாவால் நின்றிருந்த போட்டி 2022-இல் மீண்டும் அங்கு நடந்தது. மிராமர் ஓரத்து மீனவப் பிள்ளைக்கு நீச்சலை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, மிதிவண்டிதான் இல்லை. சாலைகளை அடைத்துத் தரும் ஆட்சியாளர், அந்தப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு வண்டியும் கட்டணமும் தரட்டுமே! பெரிய தொகையா அது? அடுத்த போட்டியின் அறிவிப்பு வரும்போது, அந்த வரி அதில் இருக்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்ப்போம்.