லாரியின் இரண்டாவது வடிகட்டி

பங்குனி பிறந்து, கந்தர்வக்கோட்டைச் செம்மண் பூமியில் முந்திரிக் கொட்டை விழத் தொடங்கிவிட்டால், பயிரிடுவோருக்கு லாரியே வலக்கை. உலர்த்தி மூட்டை கட்டிய சரக்கு குறித்த நாளில் தஞ்சைக்கோ புதுக்கோட்டைக்கோ சென்று சேரவேண்டும். தறியிலிருந்து இறங்கிய துணிக்கட்டுகளுக்கும் இதுவே நியதி.

சென்ற பருவத்தில், மூட்டைகள் ஏற்றிய லாரியொன்று ஆதனக்கோட்டைக்கு அருகே சாலையோரம் நின்றிருக்கக் கண்டோம். முதல் நாள் இழுவை குறைந்தது என்றும், மறுநாள் கரும்புகை வந்தது என்றும், பிறகு எஞ்சின் அடியோடு நின்றுவிட்டது என்றும் டிரைவர் கூறினார். மெக்கானிக் டீசல் வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். எண்ணெயோடு நீரும் சிவந்த சேறும் விழுந்தன. இரண்டு இஞ்செக்டர்கள் பாழாகியிருந்தன. சரக்கை மாற்றி ஏற்றிய கூலி, இரட்டை வாடகை, கைநழுவிய விலை ஆகிய மூன்றும் பழுதுச் செலவோடு சேர்ந்துகொண்டன. தோப்பில் வைத்திருந்த பீப்பாயிலிருந்து திறந்த வாளியால் டீசல் ஊற்றியது பின்னர்த் தெரியவந்தது.

இஞ்செக்டர் என்பது யாது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் எண்ணெயை மெல்லிய தூறலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவம் இதுவே. 1927-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் எண்ணெய் பீய்ச்சும் பம்புகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே இவ்வெஞ்சின் லாரிகளில் பரவலாயிற்று. நம் நாட்டில் இக்கருவிகளைச் செய்வதற்கென 1951-ல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் எழுந்தது.

பழைய லாரிகளில் சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில், இஞ்செக்டரின் ஊசி திறந்துகொள்ளும். இன்றைய லாரிகளில் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என உயர்ந்துள்ளது. ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரானே. தலைமயிரின் கனமோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஆகவே, ஊசியைக் கெடுக்கும் தூசு நம் கண்ணுக்குப் புலப்படாத தூசாகும். அத்துணை வேகத்தில் பாயும் எண்ணெயில் கலந்த மண், உப்புத்தாள் போல் இரும்பை அராவிவிடும். பிறகு ஊசி சரிவர மூடாது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் எண்ணெய் பிஸ்டனையே உருக்கிவிடுவதும் உண்டு. பழைய நாசிலை உள்ளூர்ப் பட்டறையிலேயே செப்பனிட்டுக் கொள்ளலாம். புதிய இஞ்செக்டர் ஒன்றுக்கே பல ஆயிரம் ரூபாய் வேண்டும்.

நீர், தூசினும் கொடிய பகை. பம்புக்கும் ஊசிக்கும் டீசலே மசகெண்ணெய். நீர் கலந்தால் அந்த மெல்லிய படலம் அறுந்து, இரும்போடு இரும்பு உராயும், துருவும் ஏறும்.

தரமான டீசலிலும் கசடு உண்டோ எனில், உண்டு. ஒரு கிலோ டீசலில் 24 மில்லிகிராம் கசடும் 200 மில்லிகிராம் நீரும் வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோ, அதாவது ஏறக்குறைய 12,000 லிட்டர், டீசல் செலவிடும் லாரியைக் கணக்கிடுவோம். அந்த வரம்பிலேயே எண்ணெய் கிடைத்தாலும் ஓராண்டில் 240 கிராம் கசடும் 2 லிட்டர் நீரும் உள்ளே செல்லக்கூடும். பீப்பாயும் வாளியும் சேர்க்கும் மண் இக்கணக்கில் அடங்காது.

இரண்டாவது வடிகட்டி எங்கே?

உற்பத்தியாளர் பொருத்திய நுண்வடிகட்டிக்கு முன்னால், எண்ணெய்த் தொட்டிக்கும் ஊட்டும் பம்புக்கும் இடையே, நீர் பிரிக்கும் கிண்ணத்தோடு கூடிய முன்வடிகட்டி ஒன்றைப் பொருத்தலாம். இங்கே 10 முதல் 30 மைக்ரான் போதும். நுண்மை மிகுந்ததைப் போட்டால், விரைவில் அடைபட்டுப் பம்பு எண்ணெயின்றித் திணறும். பருங்கசடும் நீரும் இங்கே நின்றுவிட, நுண்ணியவற்றை அடுத்த வடிகட்டி பிடித்துக்கொள்ளும். எஞ்சின் இழுக்கும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் தொட்டிக்கே திரும்புவதால், அதே எண்ணெய் பன்முறை வடிகட்டப்பெறுவது மற்றொரு நன்மை.

புதிய லாரிகள் பலவற்றில் இவ்விரண்டும் ஏற்கெனவே உள்ளன. அவற்றிற்கு மூன்றாவது தேவையில்லை. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில், உற்பத்தியாளரைக் கேளாமல் எதையும் சேர்த்தல் கூடாது. மேலும், ‘5 மைக்ரான்’ என்ற அச்சு மட்டும் தரமாகாது. அவ்வளவுடைய துகள்களில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

செலவில்லாத காப்பு

வடிகட்டியைக் காட்டிலும் வழக்கமே பெரிது. மாலையில் தொட்டியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் வெற்றிடத்துக் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிவது குறையும். காலையில் புறப்படுமுன் கிண்ணத்து நீரை வடித்துவிட வேண்டும். பீப்பாயின் குழாய் அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே இருத்தல் வேண்டும். ஊற்றியபின் ஓரிரவு தெளியவிட வேண்டும். புதிய நுண்வடிகட்டியை மாட்டும்போது, அதனுள் கையால் டீசல் ஊற்றுதல் ஆகாது. அந்த எண்ணெய் வடிபடாமலே இஞ்செக்டருக்குச் சென்றுவிடும். கைப்பம்பால் ஏற்றுவதே முறை. மண்ணெண்ணெய் கலப்பதை அறவே ஒழிக்கவேண்டும். அது மசகுத் தன்மையைக் கெடுக்கும்.

பாவில் கண்ட பிசிறை அப்போதே எடுக்காத நெசவாளி, பின்னர் முழத்துக்கு முழம் இழை முடிய நேரும். லாரியும் அவ்வாறே. அங்கத்தினர்களின் வண்டிகளுக்கு வேண்டிய அசல் வடிகட்டிகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் மாற்றிய தேதியும் ஓடிய கிலோமீட்டரும் குறிக்கும் சிறு நோட்டொன்றைத் தொடங்கலாம். அடுத்த பங்குனிக்குள் இவ்விரண்டும் நிறைவேறுமாயின், சாலையோரத்தில் நிற்கும் மூட்டைகள் குறையும்; அங்கத்தினர் கைக்கு வரும் பணம் அந்த அளவுக்குப் பெருகும்.