சிறு கொடையும் ஊர்ப் பணியும்

ஊர்ப் பொதுப்பணி நடைபெற வேண்டுமாயின் பெருஞ்செல்வர் ஒருவர் முன்வர வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் இதனை நாம் கேட்கிறோம். நம் மாநில வரலாறு கூறும் பாடமோ வேறு.

காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தோன்றிற்று. 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் அதன் முதல் மாநாடு கூடிற்று. அதன் முறை எளியது. பள்ளியின் தேவைகளை ஆசிரியரும் ஊராரும் முதலில் பட்டியலிட்டனர்: கூரைப் பழுது, வெள்ளையடிப்பு, கரும்பலகை, நாற்காலி, தேசப்படம். பின்னர் அவரவர் தத்தமக்கு இயன்றதை ஏற்றுக்கொண்டனர். கட்டடம் முழுவதும் தர இயலாதவர்க்கும் ஒரு பலகை தர இயன்றது. அக்காலப் பகலுணவுத் திட்டத்திலும் செலவில் பத்தில் ஆறு பங்கை அரசு ஏற்க, நான்கு பங்கை ஊரார் ஏற்றனர்.

கூட்டுறவுச் சட்டமும் இவ்வழியைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, நிகர இலாபத்தில் கால் பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்து வரை, பதிவாளரின் அனுமதியோடு அறப்பணிக்கு வழங்கலாம். இலாபம் 1,00,000 ரூபாயாயின் சேமநிதிக்கு 25,000. எஞ்சிய 75,000இல் அறப்பணிக்கு 7,500 வரை. ஏழையர் உதவி, கல்வி, மருத்துவம், பொதுநலன் ஆகியவை அறப்பணிகளாகும். சமய வழிபாட்டிற்கே உரியவை ஆகா. இன்று நம் சங்கங்களுக்கு 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அவ்வச்சங்கத் துணைவிதிகளுமே வரம்பு வகுக்கின்றன.

இத்தொகை சிறிதென எண்ணற்க. பாவு நீட்டும் தெருவில் நிழல்மரம் எங்கு வேண்டும் என்பதை நெய்பவரே அறிவர். மணிலா உலர்த்தும் களத்தில் எவ்விடம் பெயர்ந்துள்ளது என்பதை விளைவிப்பவரே அறிவர். தேவையை அறிந்தவர் சொல்லச் செலவிடும் சிறுதொகை, அறியாதவர் அளிக்கும் பெருந்தொகையினும் பயன் தரும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1997-98இல் தொடங்கி 2021இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கேனும் மக்கள் செலுத்த வேண்டும் என்பது விதி. வசதியுள்ள தெரு அதனை எளிதில் திரட்டும். கூலித் தறியையும் கூலி வேலையையும் நம்பி வாழும் குடியிருப்பு எவ்வாறு திரட்டும்? தேவை மிகுந்த இடமே பின்தங்கிவிடும். 2017இல் புதுப்பிக்கப்பெற்ற குடிமராமத்துப் பணியில் உழவர்தம் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரலாம் என வகுத்தது இக்குறையை ஓரளவு நீக்கிற்று. எஞ்சிய குறையைச் சங்கத்தின் அறக்கொடை நீக்கலாம். விதி இடந்தருமளவில், அத்தகைய குடியிருப்பின் பங்கிற்குச் சங்கமே கைகொடுப்பது கூட்டுறவுக்கு முற்றும் பொருந்தும்.

இதற்கு நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கவை நான்கு. பேரவை கூடுமுன் உறுப்பினரிடம் கருத்துகளை எழுதிப் பெறுக. எழுத அறியாதார் கூறுவதைச் செயலாளர் எழுதிக்கொள்க. ஒவ்வொன்றிற்கும் மதிப்பீடும் பொறுப்பாளர் ஒருவரும் இருத்தல் வேண்டும். தேர்வைப் பேரவையே செய்க. பணி முடிந்ததும் பற்றுச்சீட்டுகளுடன் கணக்கைப் பேரவையில் படித்துக் காட்டுக.

கணக்குப் படிக்கப்படாத கொடை அடுத்த ஆண்டு வற்றிவிடும். படிக்கப்பட்ட கொடையோ பெருகும். அடுத்த பேரவைக்கு வரும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவின் தேவை ஒன்றை எழுதிக் கொணர்வாராக.