அந்தப் பட்டியல் அழியவில்லை

சில மாதங்களுக்கு முன் சோனகதெரு பெரியவர் ஒருவர் பென்டிரைவ் ஒன்றுடன் வந்தார். புத்தளத்தில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெயர், பழைய முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ரைப் செய்வித்து வைத்திருந்தார். இப்போது மகனுடைய கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான்.

"நான் எதையோ பிழையா அமத்திப் போட்டன் மகன். எல்லாம் போயிட்டுது" என்றார்.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டு வந்தவர் அவர்.

"சின்ன விசயம் காக்கா" என்று சொல்லி, பாமினி எழுத்துருவை நிறுவினேன். பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. நாளைக்கு மறுபடியும் போய்விடாதா என்பதே அவர் கவலை.

பாமினியில் ரைப் செய்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். எஃப் என்ற எழுத்துக்கு 'க' வடிவத்தையும், அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளியையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். யுனிகோட்டிலோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991 இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. நமது கடைகளுக்கு அது வந்து சேரத்தான் காலம் எடுத்தது.

கோப்பு வேறு, எழுத்துரு வேறு என்று தெரிந்ததால் நான் பதறவில்லை. அவருக்குத் திரையில் தெரிவதுதான் கோப்பு. அது மாறினால் தன் கைப்பிழை என்றே நினைக்கிறார். பழுதானது என்று அழித்துவிடவும் இருந்தாராம். நம்மைப் போன்றவர்கள் "சின்ன விசயம்" என்று முடித்துவிடுவதால்தான் பலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

முழுவதையும் யுனிகோட்டுக்கு மாற்றிப் பெருமையோடு காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவர், "அடையாள அட்டை நம்பர் 'ஏ' என்று முடியுமா?" என்றார். பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஆங்கில 'வீ' வரும். பாமினியில் அந்த எழுத்தின் இடத்தில் இருப்பது 'ஏ'. மாற்றியிலே அதையும் தமிழாக்கியிருந்தது. நான் கவனிக்கவேயில்லை.

உங்களிடமும் இப்படிப் பழைய கோப்புகள் இருந்தால் அழிக்காதீர்கள். மாற்றியபின் மூலத்தையும் வைத்திருங்கள். அந்தப் பெயர்களைத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் இருவரும் இருந்து வரிவரியாகத் திருத்தினோம். பிறகு அவர் கடதாசியில் மூன்று பிரதி கேட்டார். அடித்துக் கொடுத்தேன்.