கிணற்றுக்கு மருந்து, மண்ணுக்கு?

எண்ணெய்க் கிணறும் நோய்ப்படும், தோழர்களே! துளையிடும்போது ஊற்றிய சேறு பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடும். எண்ணெய் வரத்துக் குன்றும். அப்போது அமிலக் கரைசலை உள்ளே செலுத்துவார்கள். அடைப்பு கரையும், ஊற்று மீளும். அறிவியலை நாம் பழிக்கவில்லை. ஆனால், செலுத்தியதில் ஒரு பகுதி கழிவாக மேலே திரும்புகிறதே, அது எங்கே போகும்?

ஆலங்குடி வட்டத்து நெடுவாசல் மக்கள் 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் திரண்டெழுந்தனர். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது; மண்டலத்துக்குள் புதுக் கிணறுகளுக்குத் தடை. முன்பே இயங்கிய கிணறுகளையோ அச்சட்டம் தொடவில்லை! மருந்தேற்றினால் பழங்கிணறும் மீண்டும் கறக்கும்.

ஆகவே கேட்கிறோம்: என்ன மருந்து? எவ்வளவு? கழிவு எங்கே? ஊராருக்கும், அங்கே உழைக்கும் தொழிலாளிக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்துச் செய்யும் வைத்தியத்தை மண்ணின் மக்கள் ஏற்கமாட்டார்கள்!