வால்பாறை சுற்றுலாப் பயணிகளுக்கான சட்டங்கள்

வால்பாறை சுற்றுலாப் பயணிகளுக்கான சட்டங்கள் என்பன, கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில் உள்ள வால்பாறை மலைப்பகுதிக்குச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய காட்டுயிர், சுற்றுச்சூழல், போக்குவரத்து விதிகளைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகும்.

அமைவிடமும் சட்ட நிலையும்

வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில், பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. ஆழியாற்றிலிருந்து ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இம்மேட்டுநிலத்தைச் சூழ்ந்து ஆனைமலை புலிகள் காப்பகம் உள்ளது. இக்காடு 1976 இல் காட்டுயிர் சரணாலயமாகவும், 2007 இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

எனவே பயணி ஒரே நாளில் பொதுச்சாலை, தோட்ட நிலம், சரணாலயம் என மூவகை நிலங்களைக் கடக்கிறார். பல இடங்களில் இவற்றுக்கு இடையே வேலியோ எல்லைக்கல்லோ இருப்பதில்லை. சாலையில் செல்ல உரிமை உள்ளவர், சாலையோரத்திலிருந்து சில அடிகள் உள்ளே நடந்தாலே சட்டத்தை மீறியவர் ஆகலாம்.

காட்டுக்குள் நுழைதல்

சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி, பணியிலுள்ள அரசு ஊழியர், அங்கு வசிக்க அனுமதி பெற்றவர், அங்கு அசையாச் சொத்தில் உரிமை உடையவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவர் முதலியோர் மட்டுமே அனுமதிச் சீட்டின்றிச் சரணாலயத்தில் இருக்கலாம். சுற்றுலா, ஒளிப்படம் எடுத்தல், ஆய்வு ஆகியவற்றுக்காகச் செல்வோர் 28 ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற வேண்டும். இக்காப்பகத்தின் மற்றொரு சுற்றுலா இடமான டாப்சிலிப்பில் வனத்துறை வாகனங்களிலேயே காடு சுற்றிக் காட்டப்படுகிறது.

விலங்குகளைத் தொந்தரவு செய்தல்

சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 27 ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளன. இச்சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல் கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. பிடித்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகியனவும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவுப் பகுதியில் சாலையோரத்திலேயே மேய்வதுண்டு. 2023 சனவரியில் இப்பாதையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்து ஒளிப்படம் எடுத்த கேரளத்தைச் சேர்ந்த இருவர் கைது செய்யப்பட்டனர்.

உணவு கொடுப்பதும் தீங்கானது. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள் சாலையை விட்டு அகலாமல் வாகனங்களில் அடிபடுகின்றன. புதுத்தோட்டம் பகுதியில் வாழும் அரிய இனமான சிங்கவால் குரங்குகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

யானைகளும் சாலைப் பயணமும்

தேயிலைத் தோட்டங்கள் யானைகளின் வழித்தடங்களாகவும் உள்ளன. யானை நடமாட்டத்தை மக்களுக்குத் தெரிவிக்கச் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் குறுஞ்செய்திகளும் பயன்படுத்தப்படுகின்றன. யானை நிற்கும்போது வாகனத்தைத் தொலைவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒலிப்பான் அடித்தல், இறங்கி ஒளிப்படம் எடுத்தல், முந்திச் செல்ல முயலுதல் ஆகியவை கூடா. 2025 பிப்ரவரியில், இருபுறமும் வாகனங்கள் நின்றிருக்க, இருசக்கர வாகனத்தில் யானையைக் கடக்க முயன்ற செருமானியப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

நீர்நிலைகள்

ஆற்றில் இறங்கத் தடைசெய்து பலகை வைக்கப்பட்ட இடங்களில் குளித்தல் ஆகாது. மேலே அமைதியாகத் தோன்றும் நீரில் ஆழமும் சுழலும் இருக்கலாம். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதியில் கோவைக் கல்லூரி மாணவர் ஐவர் நீரில் மூழ்கி இறந்தனர்.

தீயும் நெகிழியும்

சரணாலயத்தில் தீ மூட்டுவதும், எரியும் நெருப்பை விட்டுச் செல்வதும் 30 ஆம் பிரிவின்படி குற்றமாகும். கோடையில் காய்ந்த புல்வெளிக்கு அணையாத ஒரு பீடித்துண்டே போதுமானது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை உள்ளது.

இ-பாஸ் நடைமுறை

நீலகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களுக்கு 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. வெளியூர் வாகனங்களுக்கான இம்முறை 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

கொங்கு நாட்டின் மற்றொரு மலைப்பாதையான ஈரோடு மாவட்டத்துப் பண்ணாரி - திம்பம் சாலையில், காட்டுயிர்களின் பாதுகாப்புக்காக 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரு மலைக்குரிய விதி மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கொள்ளாமல், புறப்படும் முன் அந்தந்த இடத்தின் விதியை அறிதல் வேண்டும்.

தண்டனைகள்

2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இச்சட்டத்தை மீறுவோருக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வரையாடு, யானை, சிங்கவால் குரங்கு போன்ற முதல் அட்டவணை விலங்குகளை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. சிறு குற்றங்களை உரிய தொகை பெற்று முடித்துக்கொள்ள அதிகாரம் பெற்ற அலுவலருக்குச் சட்டம் இடமளிக்கிறது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை வரையறுக்கப்பட்ட குற்றங்களுக்கு அச்சலுகை இல்லை.